கடலுக்கு லீவு

தொபியாஸுக்குப் பாட வராது. கோயிலில் ஊரே சேர்ந்து பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பவர். ஏழு வருடம் அவரோடு வாழ்ந்த ஜெசிந்தாவுக்கு இது தெரியாமல் இருக்குமா? ஆனால் கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அவர் அவளை வள்ளத்தில் ஏற்றி மணல்திட்டுக்குக் கூட்டிப்போன அந்தக் காலையை இப்போது நினைத்தால், சுக்கானைப் பிடித்தபடி உரக்கப் பாடிக்கொண்டு வருகிற தொபியாஸ்தான் நினைவுக்கு வருகிறார். அவரைப் பாட வைத்தது சஞ்சித் என்ற ஏழு வயதுப் பையன். அந்தக் காலை நடந்தபோது சஞ்சித் பிறந்திருக்கவே இல்லை.

இப்படி ஆகும் என்று டாக்டர் நஸ்ரின் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஜெசிந்தா மதுரையில் ஒரு கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தாள். வில்லைகளை ஃப்ரேமுக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிற வேலை. தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த சொந்த ஊரை, நான்கு வருடத்துக்கு முன்னால் தொபியாஸ் காய்ச்சலில் போனபின் விட்டு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும்படி கடைக்கு ஒருமுறை அழைப்பு வந்தது. அளவெடுக்கப் போனவள்தான் அங்கே 'தோணி' அமைப்பின் அறையைப் பார்த்தாள். இரண்டு சாய்வுக் கட்டில்கள், நடுவே ஒரு கம்ப்யூட்டர் திரை, கம்பி இழையோடிய இரண்டு துணித் தொப்பிகள். அவ்வளவுதான் அறை.

"பிள்ளைங்களுக்கு மருந்து ஏத்த நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல அவங்களை வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருவோம்," என்றாள் நஸ்ரின். முப்பத்தைந்து வயதிருக்கும். தோணியை ஆரம்பித்தவளும் தொப்பிகளைத் தைத்தவளும் அவளே. "கூட ஒரு துணை தூங்கணும். துணையோட ஞாபகத்துக்குள்ளதான் பிள்ளை போகும்."

"கம்ப்யூட்டர்லயே கடல், காடெல்லாம் செஞ்சு காட்ட முடியாதா?"

"காட்டலாம். ஆனா நாக்குல உப்பு கரிக்காது அக்கா. காத்துல குளிர் இருக்காது. அதெல்லாம் ஒரு ஆள் அனுபவிச்சு வெச்சிருந்தாத்தான் உண்டு."

அறுபது பேரைச் சோதித்துப் பார்த்ததாகவும், பெரும்பாலானவர்களின் ஞாபகம் பாதியிலேயே கலங்கிவிடுவதாகவும் சொன்னாள். ஜெசிந்தாவின் தலையில் தொப்பியை மாட்டிப் பார்த்தபோது திரையைவிட்டு நஸ்ரின் கண்ணெடுக்கவில்லை. மணல்திட்டு அவ்வளவு தெளிவாக இருந்தது. இல்லாமல் என்ன? நான்கு வருடமாக ஒருநாள் தவறாமல் ஜெசிந்தா மனசுக்குள் அங்கே போய்வந்துகொண்டிருந்தாள்.

"ஒன்னு சொல்லிடறேன். ஞாபகத்தை ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் மூளை திரும்ப எழுதித்தான் உள்ள வைக்கும். பிள்ளைங்க அங்க எதுக்காச்சும் ஆசைப்பட்டா, அதுவும் சேர்ந்து எழுதிரும். அப்புறம் அழிக்க முடியாது. எது உண்மையோ அதை முன்னாடியே ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கங்க."

ஜெசிந்தா நான்கு பக்கம் எழுதினாள். நீர் வற்றும்போது மட்டும் கடலுக்கு நடுவே தலைகாட்டும் திட்டு. அரை மணி வள்ளப் பயணம். வழியில் இரண்டு ஓங்கல்கள், டால்பின்கள், முதுகு காட்டித் துள்ளின. 'மீன்னு நெனைக்காத, நம்மளப் போல மூச்சு விடுற ஜீவன்' என்றார் தொபியாஸ். திட்டில் கல்கூட்டிக் கஞ்சி காய்ச்சியது அவர்தான். அதன்பிறகு அதிகம் பேசவில்லை. தண்ணீர் ஏறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்தபோது, இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த நான்கு பக்கத்தில்தான் அவள் குடியிருந்தாள்.

சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகள் வந்தார்கள். சஞ்சித் பாட்டுக் கேட்டான். ஒரு சின்னப்பெண் தோளில் ஏறிக்கொள்ள ஆசைப்பட்டாள். வலது தோள் எலும்பு பிசகி, கை தூக்கவே சிரமப்படும் தொபியாஸ் அவளைத் தூக்கிக்கொண்டு திட்டைச் சுற்றி வந்தார். ஜெசிந்தாவுக்கு வேடிக்கையாக இருந்தது. அவளுக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் செய்திருப்பாரோ என்று நினைத்துக்கொள்வாள். பிள்ளைகள் கண்விழித்ததும் வாந்தி எடுக்காமல், அழாமல், 'தோபி மாமா' என்ன சொன்னார் என்று நர்சிடம் கதை சொல்வார்கள். அந்த நாள் முழுக்க வார்டில் கடல் வாசம் அடித்தமாதிரி இருக்கும்.

முத்தரசி வந்தது மாசி மாதத்தில். ஒன்பது வயது. உசிலம்பட்டிப் பக்கம் பூந்தோட்டத்தில் மல்லிகை பறிக்கிற பாண்டீஸ்வரியின் மகள். ரத்தப் புற்றுநோய் ஒருமுறை அடங்கித் திரும்ப வந்திருந்தது. மருந்தின் வேகத்தில் பாதம் இரண்டும் தொங்கிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். தலையில் ஒரு முடி கிடையாது.

தொப்பி மாட்டிய முதல் நாள், திட்டில் அவள் ஜெசிந்தாவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். தலையில் இரட்டைச் சடை. சுற்றிலும் வெள்ளி உருகினாற்போல் தண்ணீர்.

"இங்க ஒன்னுமே இல்லையே அத்தை. எதுக்கு வந்தோம்?"

"சும்மாதான் வந்தோம்."

"சும்மா வர்றதுக்கு இம்புட்டு தூரமா?"

கேட்டுவிட்டுக் கீழே பார்த்தாள். தன் பாதத்தை மணலில் அழுத்திப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கினாள். அப்புறம் மற்றதை. பிறகு ஓட ஆரம்பித்தாள். திட்டின் அந்தக் கோடிக்கு ஓடி, திரும்பி ஓடிவந்து, நிற்காமல் மறுபடியும் ஓடினாள். நண்டுகள் எல்லாம் பதறி வளைக்குள் போயின. தொபியாஸ் கஞ்சிச் சட்டியைக் கிளறுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆறு சனிக்கிழமை வந்தாள். வந்தால் அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். கஞ்சியில் உப்பு பத்தாது என்பாள். "மாமா, நீங்க தள்ளி உக்காருங்க, நான் ஓட்டுறேன்," என்று சுக்கானை வாங்கிக்கொள்வாள். ஓங்கல் ஏன் பல்லைக் காட்டுகிறது, கடல் ராத்திரியில் எங்கே போகிறது என்று கேட்டுக் குடைவாள். தொபியாஸ் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நீளமாக, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

ஆறாவது வாரம் கடையில் வில்லை தேய்த்துக்கொண்டிருந்தபோது, ஓங்கலைக் காட்டி அவர் சொன்னதை ஜெசிந்தா வழக்கம்போல நினைத்துப் பார்த்தாள். 'நம்மளப் போல மூச்சு விடுற ஜீவன்.' வார்த்தை வந்தது. குரல் முத்தரசியுடையதாக இருந்தது. கண்ணை மூடி மறுபடி முயன்றாள். முத்தரசிதான் பேசினாள். மதிய இடைவேளையில் நோட்டை எடுத்து நான்கு பக்கத்தையும் படித்தாள். யாரோ ஒருத்தி தன் புருஷனைப் பற்றி எழுதி வைத்ததுபோல் இருந்தது. இந்த வாயடைத்த மனுஷன் யார் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றிவிட்டது. இடைவேளை முடிந்து தேய்க்க உட்கார்ந்தபோது வில்லை ஒன்று விளிம்பில் உடைந்தது.

"நிறுத்திக்கலாம் அக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்," என்றாள் விஷயத்தைக் கேட்ட நஸ்ரின்.

"முத்தரசி?"

"வேற துணை இருக்காங்க. ஒருத்தர் மாந்தோப்பு வெச்சிருக்கார்."

ஜெசிந்தா நிறுத்தினாள். முதல் சனிக்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு அறையிலேயே படுத்திருந்தாள். மீதியிருக்கிற தொபியாஸைக் கையால் பொத்திக்கொள்வதுபோல் போர்வையை இழுத்துக்கொண்டாள். இரண்டாவது சனிக்கிழமை துணி துவைத்தாள். மூன்றாவது வாரம் புதன்கிழமை நஸ்ரின் போன் செய்தாள். முத்தரசிக்குக் கிருமித் தொற்று. இரண்டே நாள் காய்ச்சல். விடியற்காலை போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஜெசிந்தா ஆஸ்பத்திரி இருந்த தெருப் பக்கமே போகவில்லை. ஆனால் தொபியாஸைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியவில்லை. திட்டுக்குப் போனாள். முத்தரசி அங்கே இருந்தாள். பதினொரு வருடத்துக்கு முந்தைய அந்தக் காலையில், இரட்டைச் சடையோடு, நண்டு விரட்டிக்கொண்டு.

சித்திரையில் ஒருநாள் பாண்டீஸ்வரி கண்ணாடிக்கடைக்கு வந்தாள். ஜெசிந்தா அவளை வார்டில் நாலைந்து முறை பார்த்ததுதான், பேசிப் பழக்கமில்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்ற ஜெசிந்தா, முந்திக்கொண்டு சொன்னாள்: "நான் வந்திருக்கணும் பாண்டீஸ்வரி. அந்த மூணு வாரமும் வந்திருக்கணும்."

"அதுக்கு வரலக்கா நான்."

"பிள்ளை எதிர்பாத்திருக்கும்லா."

"மொத வாரம் தொப்பி மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. நீங்க வரலைன்னதும் கோவிக்கலையே. 'கடலுக்கு லீவு விட்டுருக்காக'ன்னு எனக்கே சொன்னா. மாந்தோப்புக்குப் போறியான்னு டாக்டரம்மா கேட்டாக. மாங்கா ஊருலயே இருக்குன்னுட்டா." பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அவ அங்க ஓடுவாளாம்ல? எங்கிட்டச் சொல்லுவா. நான் சும்மா ம் கொட்டுவேன். அஞ்சு வயசுக்கப்புறம் அவ ஓடி நான் பாக்கல. எப்பிடிக்கா ஓடுனா?"

ஜெசிந்தா சொன்னாள். கடை வாசலில் நின்றபடி, இடது கையை மட்டும் அதிகமாக வீசுவாள் என்பதையும், திரும்பும்போது குதிகாலில் சுழல்வாள் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பாண்டீஸ்வரியின் கண்கள் அவள் முகத்துக்குப் பின்னால் எதையோ தேடின. தேடியது கிடைக்கவில்லை.

"ஒரு தடவ நான் பாக்க முடியுமாக்கா?"

நஸ்ரின் முடியாது என்றாள். தோணி பிள்ளைகளுக்கானது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை ஜெசிந்தாவைத் தனியே அழைத்துச் சொன்னாள்.

"பிள்ளைங்க ஆசை பென்சில்ல எழுதற மாதிரி அக்கா. துக்கத்துல இருக்கறவங்க ஆசை தார் மாதிரி. உள்ள போனதும் மகளைக் கட்டிப்பிடிப்பாங்க. போகாதன்னு சொல்வாங்க. உங்க திட்டு, கடல், உங்க வீட்டுக்காரர் எல்லாத்து மேலயும் அது படியும். திரும்பி வந்து பார்த்தா அங்க ஒரு அம்மாவும் மகளும் மட்டும்தான் இருப்பாங்க."

ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

"அவரு குரல் ஏற்கெனவே எங்கிட்ட இல்ல, டாக்டர். மூணு வாரம் கதவ அடைச்சுப் பாத்தேன். அப்பவும் திரும்பி வரல," என்றாள். "அந்தம்மா வரட்டும்."

ஆசைப்பட்டால் அது ஜெசிந்தாவின் ஞாபகத்தில் படிந்துவிடும் என்பது உட்பட, நஸ்ரின் பாண்டீஸ்வரியிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். "அங்க இருக்கறது உங்க முத்தரசி இல்ல. அவ விட்டுட்டுப் போன தடம். உங்களை அதுக்கு அடையாளம் தெரியாது."

"எனக்கு அவளத் தெரியும்ல," என்றாள் பாண்டீஸ்வரி. "அது போதும்."

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், வார்டு ஓய்ந்திருந்த நேரம், இருவரும் தொப்பி மாட்டிப் படுத்தார்கள்.

தண்ணீர் அப்போதுதான் வற்றியிருந்தது. மணலில் அலையின் வரிகள் காயாமல் கிடந்தன. தொபியாஸ் கல்கூட்டிக்கொண்டே பாடினார். பாண்டீஸ்வரி திட்டின் ஓரத்தில், ஈர மணலில், கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். கடலை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. ஆனாலும் கடலைப் பார்க்கவில்லை. அந்தக் கோடியிலிருந்து முத்தரசி ஓடிவந்துகொண்டிருந்தாள்.

இடது கை வீசி வந்தாள். குதிகாலில் சுழன்று திரும்பினாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள்.

"கூப்பிடட்டா?" என்று ஜெசிந்தா மெல்லக் கேட்டாள்.

"வேணாக்கா. விளையாடட்டும்."

அப்போதுதான் ஜெசிந்தா கவனித்தாள். பாண்டீஸ்வரி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாவது சுற்றில் முத்தரசி நின்றாள். மூச்சு வாங்க, புது ஆளைப் பார்த்து நெருங்கி வந்தாள். தாய்க்கும் மகளுக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது.

"நீங்க யாரு? அத்தைக்குச் சொந்தமா?"

"ஆமா," என்றாள் பாண்டீஸ்வரி.

"கஞ்சி குடிச்சீங்களா?"

"குடிச்சிட்டேன் தாயி."

முத்தரசி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தாள். "பொய்யி. எங்கம்மாவும் இப்பிடித்தான். திங்காமயே தின்னுட்டேன்னு சொல்லும்." பிறகு தொபியாஸ் பக்கம் திரும்பி, "மாமா, இங்க ஒராளுக்குக் கஞ்சி," என்று ஏவிவிட்டு, நண்டு ஒன்றின் பின்னால் ஓடிப்போனாள்.

பாண்டீஸ்வரியின் தோள்கள் குலுங்கின. கைகள் மட்டும் இருந்த இடத்தைவிட்டு வெளியே வரவில்லை. தொபியாஸ் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். தண்ணீர் ஏறத் தொடங்கியது. திட்டு சுருங்கச் சுருங்க, ஓடுகிற தூரமும் சுருங்கியது. கடைசியில் முத்தரசி ஒரே இடத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். அலை அவள் கணுக்காலைத் தொட்டபோது இருவரும் கண்விழித்தார்கள்.

நஸ்ரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய ஆசை ஞாபகத்தில் எங்கே படிந்திருக்கிறது என்பதை வண்ணம் வண்ணமாகக் காட்டும் திரை அது. சஞ்சித் பச்சை. முத்தரசி எங்கு பார்த்தாலும் ஆரஞ்சு. அவற்றின்மேல் புதிதாக ஒரு புள்ளிகூட விழவில்லை.

"அம்மா எங்கயுமே பதியலை அக்கா. இப்படி நான் பார்த்ததே இல்ல," என்றாள்.

ஜெசிந்தா கண்ணை மூடி அந்தக் காலைக்குப் போய்ப் பார்த்தாள். எல்லாம் இருந்தபடியே இருந்தது. திட்டின் ஓரத்து ஈர மணலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சற்றுமுன் பாண்டீஸ்வரியோடு கண்ட கனவு இன்றைய கனவாக, தனியாக, வேறொரு இடத்தில் இருந்தது. வந்த சுவடே இல்லாமல் அந்தத் தாய் வந்துவிட்டுப் போயிருந்தாள்.

நஸ்ரின் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "உங்க ஞாபகம் எவ்வளவு தெளிவா இருக்குன்னு இதுல தெரியுது பாண்டீஸ்வரிக்கா. ஜெசிந்தாக்காவைவிடத் தெளிவு. நீங்க துணையா வந்தா எத்தனையோ பிள்ளைங்களுக்கு... பூந்தோட்டம், முத்தரசி சின்னப்பிள்ளையா இருந்தது, எதுவானாலும்."

பாண்டீஸ்வரி கலைந்த முடியை முடிந்துகொண்டாள். யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"கோவிச்சுக்காதீக. நான் தர மாட்டேன்," என்றாள். "அவ ஓடுனத இந்தக்கா வச்சிருக்காக. நான் வச்சிருக்கது அவ படுத்திருந்தது. சோறு வேணாம்னு மூஞ்சியத் திருப்புனது. வலிக்குதுன்னு என்னையக் கிள்ளுனது. அதுவும் அவதான? அத யாராச்சும் மாத்திட்டா, அப்புறம் அது அப்பிடித்தான் இருந்துச்சுன்னு சொல்ல ஆளில்ல. ஒருத்தராவது அப்பிடியே வச்சிருக்கணும்ல."

நஸ்ரின் தலையசைத்தாள். வற்புறுத்தவில்லை.

உசிலம்பட்டிப் பஸ் ஏற்றிவிட ஜெசிந்தா கூடவே நடந்தாள். வெயில் தணிந்து, பஸ் ஸ்டாண்டில் சுண்டல் வண்டிக்காரர் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். இருவரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கேட்கலாமா கூடாதா என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. கேட்டாள்.

"படுத்திருந்ததச் சொல்லுங்களேன்."

பாண்டீஸ்வரி சொன்னாள். பஸ் வந்தது, அவள் எழவில்லை. கடைசி வாரம் ரத்தம் ஏற்றும்போது முத்தரசி பையைப் பார்த்து 'இது யாரோடது' என்று கேட்டதை, யாரோ ஒரு அண்ணனுடையது என்றதும் 'சாப்பிட்டாராமா அவரு' என்று விசாரித்ததை, நாக்கில் புண் என்பதால் சொல்லெல்லாம் பாதிப் பாதியாக வந்ததைச் சொன்னாள். காய்ச்சலில் அவள் உள்ளங்கால் மட்டும் எவ்வளவு ஜில்லென்று இருந்தது என்று சொல்லும்போது, தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதையெல்லாம் மனசுக்குள் படமாக்கிப் பார்க்க அவள் முயலவில்லை. பாண்டீஸ்வரி சொன்னது பாண்டீஸ்வரியின் குரலிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டாவது பஸ் வந்து நின்றது. பாண்டீஸ்வரி எழுந்து சேலையைத் தட்டினாள்.

"சனிக்கெழம போவீகளாக்கா?"

"போவேன். நஸ்ரின் கேட்டிருக்கா. ஆறு வயசுப் பையனாம், கடலையே பாத்ததில்லையாம். தொட்டதுக்கெல்லாம் பயப்படுவானாம்."

பாண்டீஸ்வரி படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்திருந்தது.

"எம்மக பக்கத்துல விடுங்க அவன. அதட்டத்தான் செய்வா," என்றாள். "ஆனா பாத்துக்கிருவா."